வேலியோரம் கட்டிய ஆறு பொறிகள்

அனுப்புநர்:
கொய்யாத் தோட்டக்காரரின் மனைவி,
ஏரிக்கரைத் தோட்டம், மேற்குப் பாதி.

பெறுநர்:
உதவி இயக்குநர் அவர்கள்,
தோட்டக்கலை அலுவலகம்.

பொருள்: பழ ஈப் பொறிகளை முறையின்றிக் கட்டியதால் இரு வீட்டிலும் இரத்தம் சிந்தியது – நேரில் வந்து சரிசெய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் தங்கள் களப்பணியாளர் எங்கள் தோட்டத்துக்கு ஆறு பொறிகள் கொண்டுவந்தார். உள்ளே மருந்தில் நனைத்த கட்டை தொங்கும்; அந்த வாசனைக்கு ஈக்கள் தேடிவந்து சாகும் என்றார். ஆறையும் வேலியோரமே வரிசையாகக் கட்டி, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலிக்கு அந்தப்பக்கம் என் கொழுந்தனாரின் தோட்டம். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை, பாகப்பிரிவினைக்குப் பிறகு பேச்சு இல்லை.

2. பத்தே நாளில் பொறிகள் நிறைந்தன. அதே வாரம் கொழுந்தனார் பறித்த கொய்யா முழுக்கப் புழு. சந்தையில் கூடையோடு கவிழ்த்திருக்கிறார்கள். "ஊர் ஈயையெல்லாம் வாசனை காட்டி என் தலையில ஏவி விட்டுட்டீங்களேடா" என்று கத்திக்கொண்டு அரிவாளோடு வந்தார்.

3. முதலில் பொறிகளை வெட்டினார். பிறகு மரங்களை, காய்த்த மரங்கள் பதினொன்று. தடுக்கப் போன என் கணவரின் வலது கையில் வெட்டு விழுந்தது. இரண்டு விரல்கள் மண்ணில் கிடந்தன. மறைக்க விரும்பவில்லை, ஐயா. என் கையில் பழம் பறிக்கும் தொரட்டி இருந்தது. அதன் இரும்பு முனையால் கொழுந்தனாரைத் தலையில் அடித்தேன். அவர் விழுந்த பிறகும் அடித்தேன். அவர் மனைவி, என் ஓரகத்தி, ஓடிவந்து இடுப்பைக் கட்டிப் பிடித்திராவிட்டால் கொன்றிருப்பேன். அவருக்குப் பதினான்கு தையல். காவல் நிலையத்திலும் இதை இப்படியே சொல்லியிருக்கிறேன்.

4. மறுநாள் மருத்துவமனைக்கு வந்த தங்கள் பணியாளர் சொன்னது: பழத்தில் முட்டையிடுவது பெண் ஈ, இந்த வாசனைக்கு வருவதோ ஆண் ஈ மட்டும்; ஆகவே கொழுந்தனாரின் கொய்யாவில் புழு வந்தது பொறியால் அல்ல. ஆறு பொறி, ஈ நடமாட்டத்தை அறியத்தான் போதும். ஈயை ஒழிக்க வேண்டுமானால் இரண்டு தோட்டத்திலும் பரவலாக, ஒரே சமயத்தில் கட்ட வேண்டும். உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிப் புதைக்க வேண்டும். இந்த நாலு வார்த்தையை அன்று வேலியில் நின்று உரக்கச் சொல்லியிருந்தால், என் கணவரின் கையில் ஐந்து விரலும் இருந்திருக்கும்.

5. யாரையும் தண்டிக்கக் கேட்கவில்லை. அடுத்த காய்ப்புக்கு முன் இரு தோட்டத்துக்கும் போதிய பொறிகள் தந்து, தாங்களே வந்து, இரு வீட்டாரையும் ஒன்றாக நிறுத்தி விளக்க வேண்டும். அண்ணனும் தம்பியும் இன்று ஒரே வார்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். நானும் ஓரகத்தியும் ஒரே பேருந்தில் வந்து இதைத் தங்கள் மேசையில் வைக்கிறோம். தாங்கள் வரும் தேதியைச் சொல்லும்வரை வாசலில் உட்கார்ந்திருப்போம்.

நாள்: வெட்டு நடந்த ஒன்பதாம் நாள்
இடம்: தங்கள் அலுவலக வாசல்

இப்படிக்கு,
விரல் இழந்தவரின் மனைவி (கையொப்பம்)
தலையில் தையல் போடப்பட்டவரின் மனைவி (கைநாட்டு)