குதிரைக்குச் சொன்னது

ஜூன் 4, செவ்வாய்

நான் வாய் திறக்காமல் இருந்தது போதும். பதினாறு வருடங்களுக்கு முன் ஒருவன் என் வசனத்தை எடுத்துத் தன் பெயரில் படம் பண்ணினான். அரங்கில் ஜனங்கள் கை தட்டிய ஒவ்வொரு வரியும் என்னுடையது. திரையில் 'வசனம்' என்ற சொல்லுக்குக் கீழே வந்தது அவன் பெயர். அன்று நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னேன். தினமும் சொன்னேன். அது சேர்த்தியில்லை.

அதே ஆள் இப்போது மறுபடி வந்திருக்கிறான். கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சு. இந்த நோட்டில் அவனை மேதை என்று குறிப்பிடுவேன். தன்னைப் பற்றி அவனுக்கு இருக்கும் எண்ணம் அதுதான். குடும்பப் படமாம். ஒரு சிறுமிக்கும் ஒரு குதிரைக்கும் பாசம். குதிரையை வேறு ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள், சிறுமி அழுகிறாள், குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு திரும்பி வருகிறது. குதிரை பேசாது, சிறுமி அழுதுகொண்டிருப்பாள் – இதில் வசனத்துக்கு எங்கே இடம் என்று கேட்டேன்.

"அதுக்குத்தான்டா உன்னைக் கூப்பிட்டேன். கம்மியா எழுதுறவன் நீ ஒருத்தன்தான்" என்றான்.

பாராட்டா, குத்தலா? இரண்டு மணி நேரம் யோசித்தும் தெரியவில்லை.

இந்த முறை திரையில் தனி கார்டில் என் பெயர் வரவேண்டும் என்றேன். சரி என்று தலையாட்டினான். அன்றும் இப்படித்தான் ஆட்டினான். ஆகவே நாள்தோறும் எழுதி வைக்கப்போகிறேன். நாளைக்கு அவன் இல்லை என்றால் சாட்சிக்கு ஆகும். பாடநூல் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன் நான். தேதி போடாமல் எதையும் விட்டதில்லை. மூன்று வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று.

ஜூன் 6, வியாழன்

முதல் நாள் படப்பிடிப்பு. ஒரு ஷாட்கூட எடுக்கவில்லை.

சிறுமியை எல்லோரும் பாப்பா என்கிறார்கள். பதினொரு வயது. பதினான்கு விளம்பரங்களில் நடித்தவள். பற்பசைக்குச் சிரிக்கவும் காய்ச்சல் மருந்துக்கு வாடவும் தெரியும். குதிரை என்றால் மட்டும் பயம். எட்டடி தள்ளி நின்று "செல்லமே" என்கிறாள். குதிரை அவளைப் பார்ப்பதே இல்லை. வெள்ளைப் பெண் குதிரை; ஓய்வுபெற்ற தலைமையாசிரியை போன்ற முகம். கேரட் காட்டினார்கள், வெல்லம் காட்டினார்கள். தின்றுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"பாசம் கண்ணுல தெரியணும்" என்று மேதை கத்தினான். யார் கண்ணில் என்று அவன் சொல்லவில்லை.

ஜூன் 7, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மதியம் லாயத்தின் வாசலில் மேதையைப் பிடித்து நிறுத்தினேன். பெயர் விஷயத்தை எழுத்தில் தர வேண்டும் என்று ஆரம்பித்தவன், அந்தப் பழைய படத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். குரலை உயர்த்தவில்லை. நான் குரலை உயர்த்துகிறவன் அல்ல, விடாமல் சொல்கிறவன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு கனம் என் தோளில் இறங்கியது. திரும்பிப் பார்த்தால் குதிரையின் தலை. கண்கள் பாதி மூடி, ஓரத்தில் ஈரம்.

"யாரும் நகராதீங்க" என்றான் மேதை. "டேய், நிறுத்தாத. சொல்லிக்கிட்டே இரு."

குதிரைக்காரர் விளக்கினார்: "முன்னாடி வச்சிருந்தவரு நாள் பூரா பொலம்பிக்கிட்டே இருப்பாரு சார். குட்டியிலேருந்து இதுக்கு அதுதான் தாலாட்டு."

இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கியவன் நான்.

ஜூன் 10, திங்கள்

முறை இதுதான். பாப்பா நடுவில் நிற்பாள். அவளுக்குப் பின்னால், காமிராவுக்குத் தெரியாதபடி ஒரு வைக்கோல் கட்டுக்கு அடியில் நான் குனிந்திருப்பேன். மேதை கை காட்டியதும் என் வாழ்க்கையில் எனக்கு நடந்த அநியாயங்களைத் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்குவேன். குதிரை காதை முன்னால் நீட்டி, பாப்பாவின் தலைக்கு மேலாக என்னை உற்றுப் பார்க்கும். படத்தில் அது அவளைப் பார்ப்பதுபோல இருக்கும். என் குரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புல்லாங்குழல் போட்டுவிடுவார்களாம்.

இன்று சொன்னவை: எட்டாம் வகுப்புக் கட்டுரைப் போட்டியில் என் முதல் பரிசு தலைமையாசிரியரின் மருமகனுக்குப் போனது. அலுவலகத்தில் என் கைவைத்த நாற்காலி ஒரு திங்கட்கிழமை காலை மேலதிகாரியின் அறைக்கு இடம் மாறியது. மைத்துனன் கல்யாணத்துக் குடும்பப் புகைப்படத்தில் என்னை ஓரத்துக்குத் தள்ளி, கடைசியில் என் முழங்கை மட்டும் விழுந்தது.

முழங்கைக்குக் குதிரை நான்கடி முன்னால் வந்தது. மூன்று ஷாட் ஓகே.

ஜூன் 13, வியாழன்

தளத்தில் எல்லோருக்கும் என் வாழ்க்கை மனப்பாடம் ஆகிவிட்டது. லைட் பிடிப்பவர் டீக்கடையில் என்னிடம், "சார், அந்த மைத்துனன் இப்ப பேசுறாரா?" என்று அக்கறையாக விசாரிக்கிறார். பாப்பா ஒருபடி மேலே.

"அங்கிள், நாற்காலி கதை வேணாம். அதுக்கு அது கொட்டாவி விடுது. எனக்கும் வருது."

"அப்ப எதைச் சொல்றது?"

"ஓடி வர சீனுக்கு முழங்கை. தூங்குற சீனுக்கு மாடி வீட்டுக்காரர் நாற்காலி இழுக்கறது. அது நல்லா ஸ்லோவா இருக்கு."

இந்த வயதில் இவ்வளவு துல்லியம் எனக்கு இருந்திருந்தால் கட்டுரைப் பரிசை விட்டிருக்கமாட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

சரக்கு தீர்ந்துவிட்டது.

எப்படி என்று எனக்கே புரியவில்லை. ஐம்பத்திரண்டு வருடத்துக் குறைகள், இரண்டு வாரத்தில். ஒவ்வொன்றையும் ஏழெட்டு டேக் சொல்லிச் சொல்லி, சொல்கிற எனக்கே சுரணை போய்விட்டது. இன்று முழங்கையைச் சொல்லும்போது நடுவில் சிரித்துவிட்டேன். குதிரை என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

ஜூன் 20, வியாழன்

நேற்றிலிருந்து என்னை அவமதிக்கிறார்கள். எனக்கு மட்டும் டீ வரவில்லை. என் நாற்காலியில் மேக்கப் பெட்டி. மேதை மைக்கில், "அந்தக் குதிரை ஆளு எங்கய்யா?" என்றான். எல்லாம் திட்டமிட்டே. புதுக் குறை உண்டாக்குகிறார்களாம். எனக்கு உண்மையிலேயே வலித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் குதிரை மசியவில்லை. ஊறப்போடாத குறை அதற்குப் பிடிக்காது போலிருக்கிறது.

பாக்கி இருப்பது ஒரே காட்சி. பிரிவுக் காட்சி. செவ்வாய்க்கிழமை குதிரைச் சொந்தக்காரர் அதைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்குள் எடுக்காவிட்டால் படம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். என் பெயரும் அதோடு.

ஜூன் 22, சனி

என் மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கொடுப்பதற்காக மனைவி தளத்துக்கு வந்தாள். அப்போது வைக்கோல் கட்டுக்கு அடியிலிருந்து பழைய படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முடியும்வரை நின்று கேட்டாள்.

"இருபத்தஞ்சு வருஷமா இவர் பொலம்பலை நான் கேக்கறேன், எனக்குக் கண்ணுல தண்ணி வந்ததில்ல. இதுக்கு வந்துதுன்னா இதோட காதைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள் குதிரைக்காரரிடம்.

எல்லோரும் சிரித்தார்கள். குதிரை சிரிக்கவில்லை. அதன் இரண்டு காதுகளும் அவள் பக்கம் திரும்பின.

பாப்பாதான் முதலில் கவனித்தாள். "ஆன்ட்டி, உங்களுக்கு அங்கிள் மேல குறை ஒண்ணுமே கிடையாதா?"

"எனக்கென்ன குறை" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுக் குதிரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, ஒரு பேச்சுக்குச் சொல்வதுபோல, "நான் ஏதாவது சொல்ல ஆரம்பிச்சா பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரா வச்சுக்குவார். அதுல அவர் படிச்சு முடிச்ச பக்கம்தான் இருக்கும்" என்றாள்.

குதிரை என்னைத் தாண்டி நடந்துபோய் அவள் தோளில் தலையை வைத்தது.

மேதை அவளை "மேடம்" என்று கூப்பிட்டான்.

ஜூன் 23, ஞாயிறு

விடுமுறை. பேப்பரை எடுத்தேன். படிக்காத பக்கமா என்று பார்த்துவிட்டு எடுத்தேன்.

ஜூன் 24, திங்கள்

காலை எட்டு மணிக்குக் கார் வந்தது – அவளுக்கு. நான் முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில், அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

பிரிவுக் காட்சி. வைக்கோல் கட்டுக்குப் பின்னால் அவளுக்கு மெத்தை போட்ட நாற்காலி. நான் காமிரா ட்ராலிக்குப் பின்னால் நின்றேன். குதிரையை ஐம்பதடி தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பாப்பா முதுகைக் காட்டி நின்றாள். மேதை கையை இறக்கினான்.

மனைவி குதிரையிடம் சொன்னது இது. முடிந்தவரை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"கல்யாணமாகி மூணாவது வருஷம் எனக்கு வேலைக்கு ஆர்டர் வந்தது. மலை மேல, வானிலை நிலையத்துல. எவ்வளவு மழை பெய்யுது, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்து எழுதற வேலை. நான் படிச்ச படிப்புக்கு ஏத்த வேலை. இவர்கிட்ட காட்டினேன். உன் இஷ்டம்னார். அப்புறம் ஒன்பது நாள் என்கிட்ட பேசலை. சண்டை கிடையாது, திட்டு கிடையாது. தட்டு வச்சா சாப்பிடுவார், எழுந்து போவார். பத்தாவது நாள், எனக்கு வேலை வேணாம்னு எழுதித் தபால்ல போட்டுட்டு வந்தேன். செருப்பைக்கூட கழட்டலை. காப்பி இருக்கான்னு கேட்டார். போட்டுக் கொடுத்தேன். அந்தக் காப்பியைப் போட்டுக் கொடுத்தேன் பாரு – அதுதான் எனக்கு ஆறவே இல்ல."

அழவில்லை. மளிகை லிஸ்ட் சொல்கிற குரல்.

குதிரை ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தது, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கயிறு தரையில் இழுபட. மனைவி சொன்னதைக் கேட்டுக்கொண்டே திரும்பிய பாப்பா அழுதாள். கிளிசரின் புட்டி உதவியாளர் கையில் திறக்காமலே இருந்தது. குதிரை பக்கத்தில் வந்ததும் பாப்பா எட்டடியை மறந்துபோனாள். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டாள். குதிரை முதல் தடவையாகத் தலையைத் தாழ்த்தி அவளைப் பார்த்தது.

மேதை 'கட்' சொல்ல மறந்துவிட்டான். ஒரே டேக்.

நான் இந்தக் கதையை இதுவரை என் பக்கத்திலிருந்து எப்படி வைத்திருந்தேன் என்றால்: வேலைக்குப் போ என்று சொன்னேன், அவள்தான் வேண்டாம் என்றாள். தாராள மனசுக்காரன் என்று நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

காரில் வரும்போது, "நீ என்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"குதிரைக்குத்தான் சொன்னேன். உங்களுக்கு இல்ல" என்றாள்.

சமையலறை ஜன்னல் வழியாகத் தினமும் வானத்தைப் பார்த்து, மழை எத்தனை மணிக்கு வரும் என்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். எனக்கு அது ஒரு பொழுதுபோக்காகத்தான் பட்டது. இத்தனை வருடமும்.

ஜூன் 25, செவ்வாய்

குதிரையை இன்று கூட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்கு முன் லாயத்துக்குப் போனேன். அவளிடம் சொல்ல வேண்டியதை அதனிடம் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தப்பு என்னுடையதுதான், வேண்டுமென்றேதான் பேசாமல் இருந்தேன், ஒன்பது நாளும் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன் என்று. குதிரை இரண்டு வாக்கியம் கேட்டது. பிறகு புல் தின்னப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்கிற குரலை அது பிறந்ததிலிருந்து கேட்டதில்லை போலும்.

ஜூன் 26, புதன்

அவளிடமே சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள். போர்வையின் மறுமுனையை என் கையில் கொடுத்தாள்.

நவம்பர் 15, வெள்ளி

படம் வந்துவிட்டது. குதிரைக்குத் தனி கார்டு. அதற்கடுத்து, 'குதிரையின் உணர்வு வழிகாட்டி' என்று என் மனைவிக்குத் தனி கார்டு. வசனம்: மேதை. நானும் இருக்கிறேன் – படம் முடிந்து, விளக்குப் போட்டு, ஜனங்கள் செருப்புத் தேடும்போது ஓடுகிற நன்றிப் பட்டியலில், தண்ணீர் லாரிக்காரருக்கும் ஜெனரேட்டர்காரருக்கும் நடுவில்.

"உன் பேரு வந்திருக்கில்லடா" என்றான் மேதை.

வீட்டுக்கு வரும் வழியில் கோபத்தைத் தேடினேன். இருந்தது. ஆனால் பக்கத்தில் அவள் தன் பெயர் வந்த கார்டு எத்தனை நொடி நின்றது என்று விரலால் எண்ணிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நாலு என்றாள். நான் ஐந்து என்றேன். ஐந்துதான்.

நவம்பர் 17, ஞாயிறு

வாரப் பத்திரிகையில் விமரிசனம். 'பிரிவுக் காட்சியில் சிறுமியின் அழுகை கிளிசரின் அழுகை. அவளுக்கும் குதிரைக்கும் இடையே ஒன்றுமே நிகழவில்லை.' பாப்பா போன் பண்ணினாள். "அங்கிள், நான் நெஜமாதானே அழுதேன்? நீங்க பார்த்தீங்கதானே?" பார்த்தேன் என்றேன். மனைவி விமரிசனத்தைப் படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தாள்.

நவம்பர் 18, திங்கள்

ஆசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் நகல் நாலு பக்கம் வந்தது. மூன்றே முக்கால் பக்கம் மேதையைப் பற்றி. கிழித்தேன். மிஞ்சியது இவ்வளவுதான்:

'ஐயா, அந்தக் காட்சி எடுக்கப்பட்டபோது நான் உடனிருந்தேன். கிளிசரின் புட்டி திறக்கப்படவில்லை. ஒருவர் இருபத்திரண்டு வருடம் யாரிடமும் சொல்லாததைக் குதிரையிடம் சொன்னார். குதிரை கேட்டது. சிறுமி கேட்டாள். இருவரும் கட்டிக்கொண்டது அதனால்தான். உங்கள் விமரிசகர் தவறு செய்துவிட்டார்.'

மெய்ப்புப் பார்த்தேன். பிழையில்லை. அவளிடம் படித்துக் காட்டினேன்.

"ஒருவர்னே இருக்கட்டும்" என்றாள்.

கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன். இந்த ஊரில் என் பெயர் தெரிந்தவர்களுக்கு அந்த ஒருவர் யார், அவரை இருபத்திரண்டு வருடம் சொல்லவிடாமல் வைத்திருந்தது யார் என்று அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். என்னைப் பற்றித் தெரிவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவளைப் பற்றித் தெரிவதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். செய்துவிட்டாள்.

பெயர் போடாமல் உறையை ஒட்டிவிட்டேன். மாலைத் தபால் எடுப்பதற்குள் பெட்டியில் சேர்த்துவிடுவேன்.