வெளி ஆள் ஒருத்தி

இல்லை அக்கா, படிப்பு அதிகமாகி நான் அணியை விட்டுப் போகவில்லை. இன்று உங்கள் கருமக்கிரியையில் உங்கள் தங்கை அப்படித்தான் சொன்னாள். தேநீரைக் கையில் கொடுத்தபடி. "யூனிவர்சிட்டில பரீட்சைன்னு நீங்களே வெலகிட்டீங்களாமே. அக்காவுக்கு ரொம்ப வருத்தம் லா." கூடத்து மூலையில் உங்கள் விளையாட்டுப் பை. தைல வாடை இன்னும் போகவில்லை. என் கணுக்காலில் நீங்கள் தேய்த்துவிட்ட அதே தைலம்.

உங்கள் தொழிற்சாலையின் கூடைப்பந்து அணியில் எல்லோரும் அங்கேயே வேலை செய்தவர்கள். வெளி ஆள் ஒருத்தி மட்டும் ஆடலாம் என்பது போட்டி விதி. அந்த ஒருத்தி நான். கார்டு இடத்தில் ஆடுபவள். ஓடுவேன், பந்தைப் பறிப்பேன். தூரத்திலிருந்து போட வராது. மூன்று புள்ளிக் கோடு வந்த புதிது. அரையிறுதியில் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றே நம்மைத் தோற்கடித்தார்கள்.

அடுத்த பருவத்துக்கு முன்னால் ஆட்டக்காரிகள் அணி மாறும் காலம். அணியை நடத்திய நீங்கள், குறி தவறாமல் போடும் ஒரு கார்டைத் தேடிக் கிளம்பினீர்கள். உங்கள் மோட்டார் சைக்கிளில் பின்னால் நான். ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்தில் ஒரு சீனச் சங்கத்தின் சிமெண்டுத் திடல். சங்கம் பெண்கள் அணியைக் கலைத்துவிட்டிருந்தது. அதில் ஆடிய ஒருத்தி இனி யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை. ஒல்லி. மூக்குக் கண்ணாடியை ரப்பர் பட்டையால் தலையோடு கட்டியிருந்தாள். கோட்டுக்கு வெளியே நின்று போட்டாள். வளையத்தில் படவில்லை. வலை மட்டும் அசைந்தது.

"எப்படி லா இருக்கா?"

"இவள விட்டுட்டா நாம மடச்சிங்க, அக்கா."

"ஒனக்குப் பொறாமையே இல்லியா?"

"நான் பந்து குடுக்கறேன். அவ போடட்டும்."

சிரித்தீர்கள். பிறகு அவளிடம் ஹொக்கியன் சீனத்தில் வெகுநேரம் பேசினீர்கள். எனக்கு அந்தப் பேச்சு தெரியாது. திரும்பும்போது, "அவளுக்கு ஃபேக்டரில வேலை போட்டுக் குடுத்துருவாங்க, நீ கவலப்படாத" என்றீர்கள். ஃபெரியில் கடலைப் பொட்டலம் வாங்கித் தந்தீர்கள். தின்றேன்.

அவள் வேலைக்குச் சேரவில்லை. வெளி ஆளாக என் பெயருக்குப் பதில் அவள் பெயரைக் கொடுத்தீர்கள். "இந்த ஒரு சீசன்தான்மா," என்றீர்கள்.

பின்னொரு நாள் அவளே எனக்கு மலாயில் சொன்னாள், கள்ளமில்லாமல். அப்பாவின் கடையை விட்டு வேறு வேலைக்கு வர முடியாது என்று அன்றே திடலில் உங்களிடம் சொல்லிவிட்டாளாம். அப்படியானால் இந்தப் பெண் என்ன ஆவாள் என்று என்னைக் காட்டிக் கேட்டாளாம். இவளே விலகப் போகிறாள் என்றீர்களாம். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

அணிக்கு என்னைவிட அவள் நல்லவள். அதை முதலில் சொன்னவளே நான்தான். கேட்டிருந்தால் விட்டுக் கொடுத்திருப்பேனா? தெரியாது. நீங்கள் கேட்கவில்லை. அது தெரியும்.

கோப்பையை வென்றீர்கள். அடுத்த சீசனிலும் அவளே ஆடினாள்.

இப்போதும் எந்தத் திடலைக் கடந்தாலும் கோட்டுக்கு வெளியே நிற்பவளைத்தான் என் கண் தேடுகிறது. மணிக்கட்டு மடிகிறதா, கால் நிலைக்கிறதா. ஆள் பார்க்கும் அந்தக் கண் உங்களுடையது. திருப்பித் தர வழியில்லை.

உங்கள் தங்கையிடம் சொன்னேன். "படிப்பு இல்லம்மா. டீம்லேருந்து என்னைய எடுத்துட்டாங்க." அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பஸ்ஸுக்குப் போய் நின்றேன்.