ரோடுதான் கோணலாம்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அம்மா, அப்பா, நான் எல்லோரும் சுகம். நம் லாரிதான் சுகமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எல்லோரும் படுத்த பிறகு குளியலறைக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. காலையில் பால் வண்டிக்காரர் உன் கம்பெனி வழியாகத்தான் போவார். அவரிடம் கொடுத்துவிடுவேன்.

நீ சண்டை போட்டுக்கொண்டு வேறு வண்டி ஓட்டப் போனதும் அப்பாவுக்குப் புது மூளை ஒன்று கிடைத்தது. சித்தப்பாவின் மூளை. அவர் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, பின்பக்க ஸ்பிரிங்கில் இன்னும் இரண்டு இரும்புப் பட்டை சேர்த்தால் வண்டி ஒன்றரை மடங்கு ஜல்லி தாங்கும் என்றார். ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கலாமே என்று அம்மா கேட்டாள். அவனுங்களுக்கு என்னத்தத் தெரியும் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். இந்த வீட்டில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த கை ஒன்றுதான் இருந்தது. அது உன்னோடு போய்விட்டது.

வீட்டுக்குப் பின்னால் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார்கள். வண்டியின் அடிச்சட்டத்துக்கு முட்டுக்கொடுக்க அம்மா துணி துவைக்கும் கல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள். அம்மா தரையில் துவைக்கிறாள். கேட்டால், அவருக்குத் தெரியாததா என்கிறாள். பழைய இரும்புக் கடையில் வாங்கிய பட்டைகளைச் சேர்த்ததும் அடுக்கு தடித்துவிட்டது, அதை அச்சின் மேல் நகராமல் பிடிக்கும் நடு போல்ட் எட்டவில்லை. நீளமானதாக ஒன்று வாங்கிவர வேண்டியதுதானே? மாட்டார்கள். போல்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, பட்டைகளை மொத்தமாகச் சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டார் சித்தப்பா. பட்டைக்குப் பக்கத்தில் நெருப்பே போகக்கூடாது, பிஸ்கட் மாதிரி உடைந்துவிடும் என்று நீ சொல்வாயே, அதை நான் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பயந்தாங்கொள்ளி பேச்சை இங்க எடுக்காதே என்றார் அப்பா.

மணல் ஏற்றித் தெருவில் ஓட்டிப் பார்த்தார்கள். முன்சக்கரம் ஒரு தடத்திலும் பின்சக்கரம் இன்னொரு தடத்திலுமாக வண்டி நண்டு மாதிரி போயிற்று. தையல்கடை அக்கா எட்டிப் பார்த்து, ஏன் இது வெக்கப்பட்டுக்கிட்டே போகுது என்றாள். அப்பா இறங்கினார். வண்டியைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தார். ரோடுதான் கோணல் என்றார். ஆமாண்ணே, போட்டவன் சரியாப் போடல என்றார் சித்தப்பா. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளுக்காவது ஆமாம் போட ஒரு தம்பி இல்லை.

திருப்பத்தில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் என் கையில் டார்ச்சைக் கொடுத்து அடியில் நுழையச் சொன்னார்கள். அவர்கள் தொப்பைக்கு அங்கே இடமில்லை. டிரைவர் பக்கம், மேல்பட்டையில், வெல்டிங்கை ஒட்டித் தலைமுடி போல ஒரு விரிசல். சொன்னேன். அப்பா தரையில் கன்னம் பதியக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, அது பெயிண்ட் கோடு என்றார். சித்தப்பா உடனே கறுப்புப் பெயிண்டை எடுத்து அதன் மேல் பூசினார். பெயிண்ட் கோட்டுக்கு எதற்குப் பெயிண்ட் என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து நான் வலது கன்னத்தைத் தலையணையில் வைப்பதில்லை.

அன்று சாயங்காலமே அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங் பிடிக்க முடியாதாம். நேற்று உன்னிடம் போனில், பழசெல்லாம் மறந்துடுடா, முதல் லோடு நீ ஓட்டினாத்தான் ராசி என்று கொஞ்சிப் பேசியதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். குவாரியிலிருந்து மலையிறக்கம். நீயும் வருகிறேன் என்றாயாம். சித்தப்பாவுக்கும்தான் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் அவருக்கும் முதுகு பிடித்திருக்கிறது. இதற்கும் ஒரே வீடியோவைத்தான் பார்த்திருப்பார்கள் போல.

வீட்டுக்கு வா அண்ணா, வண்டியில் மட்டும் ஏறாதே. நான் சொன்ன இடத்தில் சாவியால் பெயிண்டைச் சுரண்டிப் பார். யார் சொன்னது என்று சொல்லிவிடாதே. இதையும் கிழித்துப் போட்டுவிடு.

அப்பா உன்னைத் தெருவே கேட்கிற மாதிரி பயந்தாங்கொள்ளி என்பார். உனக்கு அந்தச் சொல் தாங்காது என்று அவருக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லுக்காகத்தானே நீச்சல் தெரியாமல் கிணற்றில் குதித்தாய்? அப்போது கயிறு போட ஆள் இருந்தது. மலையிறக்கத்தில் யார் இருப்பார்கள்? இந்தத் தடவை குதிக்காதே.

அம்மா இரண்டு முறை கதவு வரை வந்து நின்றுவிட்டுப் போனாள். ஒரு சொட்டுத் தண்ணீர் வீணானாலும் கத்துகிறவள், குழாயை மூடச் சொல்லவில்லை.

சின்னவர்கள் பெரியவர்களை வாழ்த்தக் கூடாது என்பார்கள். இருந்தாலும் சொல்கிறேன். பயந்தாங்கொள்ளியாகவே நூறு வயது இரு, அண்ணா.

இப்படிக்கு,
உன்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளியான
தங்கை