ஆறு இளநீர்

குரும்பலூர்
9.6.2025

அன்புள்ள புவனாவுக்கு,

அண்ணி எழுதுவது. பத்துத் தடவை போன் செய்தும் நீ எடுக்கவில்லை. போஸ்ட்மேன் கையில் கொடுத்தால் வாங்கித்தானே ஆகவேண்டும்!

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினோரு நாளாகிறது. நன்றாக இருக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் பெரம்பலூரில் டயாலிசிஸ். உன் அண்ணன் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டப் போய்விடுவதால் தனியாகத்தான் பஸ் ஏறுகிறேன். வெயில் பட்டால் இந்த லூபஸ் நோயில் முகமெல்லாம் சிவந்து தடித்துவிடுகிறது. குடையும் முக்காடுமாக ஏறினால் கண்டக்டர், "என்னம்மா, கல்யாணப் பொண்ணா?" என்கிறார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இளநீர் விஷயத்தை மறந்துவிட்டு வா.

உன் அண்ணி
மலர்கொடி


மீன்சுருட்டி
15.6.2025

அன்பு அண்ணிக்கு,

உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்றுதான் போனை எடுக்கவில்லை.

எங்கள் தோப்பில் பறித்த ஆறு இளநீரையும் பஸ்ஸில் தூக்கி வந்து, "குடிங்க அண்ணி, வவுறு குளுந்துரும்" என்று வற்புறுத்தியது நான்தானே? கிட்னி கெட்டவர்களுக்கு அது நெஞ்சுத் துடிப்பையே நிறுத்திவிடும் என்று டாக்டர் சொன்னபோது என் உயிர் போய்விட்டது. அந்த நிலையிலும் மூச்சு வாங்கிக்கொண்டே, "புவனாவை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று அண்ணனிடம் சொன்னீர்களாம்.

உங்களைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை அண்ணி. மூன்று வருஷமாக மூட்டுவலி, கொத்துக்கொத்தாக முடி உதிர்வு, இப்போது கிட்னி. ஒருநாளாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர்களா? என்னைக் கூப்பிடாதீர்கள். இந்தக் கையால் இனி உங்களுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டேன்.

புவனேஸ்வரி


குரும்பலூர்
20.6.2025

புவனா,

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். எதையெல்லாம் சாப்பிடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். இளநீர் அதில் இருந்தது. படித்துவிட்டுத் தெரிந்தேதான் குடித்தேன். எனக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான். தாகம் யாரை விட்டது? தப்பு என்மேல்.

முகம் சிவந்து கிடந்தபோது ஒட்டிக்கொள்ளும் என்று சொந்தக்காரர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். நீ மட்டும் என் தட்டிலேயே பிசைந்து சாப்பிட்டாய். அந்தக் கையையா வேண்டாம் என்பேன்?

மலர்கொடி


மீன்சுருட்டி
1.7.2025

அன்பு அண்ணிக்கு,

நீங்கள் எழுதியது பச்சைப் பொய்.

அண்ணனுக்கு போன் செய்து கேட்டேன். "அந்தச் சீட்டு லாரியிலயே கெடந்துச்சு புள்ள. அவ ஆஸ்பத்திரியில படுத்த பொறவுதான் கண்ணுலயே பட்டுச்சு" என்று அழுதுவிட்டார். நீங்கள் படிக்கவே இல்லை. என் பழியையும் அண்ணன் பழியையும் சேர்த்துத் தூக்கி உங்கள் தலையில் வைத்துக்கொண்டீர்கள். ஏற்கெனவே சுமப்பது போதாதா?

கோபத்தில் இரண்டு நாள் அழுதேன். பிறகு அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் போட்டிருந்தபடியே காயை நறுக்கி வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, உப்புப் போடாமல் குழம்பு வைத்து ஒரு வாரமாக நானே சாப்பிட்டுப் பார்க்கிறேன். சகிக்கவில்லை. இதைத் தின்றுகொண்டா நீங்கள் கண்டக்டரோடு சிரித்தீர்கள்?

வெள்ளிக்கிழமை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் குடையோடு நிற்பேன். இனி வாரம் இரண்டு நாளும் நான்தான் கூட வருவேன். சீட்டு முழுவதும் மனப்பாடம். நீங்கள் கேளுங்கள், ஒப்பிக்கிறேன். ஒன்று தவறினாலும் என்னைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

உங்கள்
புவனா