கேசட்டுக்குச் சொன்ன அர்த்தம்

ரிச்சர்ட்சன், டெக்சாஸ்
12.11.1997

அன்பு வான்மதி,

இங்கே நான் சுகம். உன் தொண்டைக்கட்டு விட்டதா? அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

ஞாயிறு மதியம் ஆபீஸ் நண்பர் ராபர்ட் என்னையும் ரூம்மேட் சபரியையும் ஓபராவுக்குக் கூட்டிப்போனார். கதை முழுக்கப் பாட்டுதான். ஓபரா பிறந்தது இத்தாலியில் என்பதால், ஜெர்மன்காரர்கள்கூட ரொம்ப காலம் இத்தாலிய மொழியில்தான் எழுதினார்களாம். மேடைக்கு மேலே இங்கிலீஷில் அர்த்தம் ஓடியதால் பிழைத்தேன்.

திரும்பும்போது காரில் நீ பாடிய கீர்த்தனை கேசட்டைப் போட்டேன். "உங்கள் மொழியா? என்ன அர்த்தம்?" என்றார் ராபர்ட். தெலுங்கு, எனக்குப் புரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. தமிழ்தான் என்று சொல்லி, கணவனைப் பிரிந்தவள் பாடுவதாக அளந்துவிட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் இறங்கியதும், "ஏன்டா இப்படி ரீல் விடற? அது ராமர் பாட்டுடா!" என்று சபரி சிரித்தான்.

இப்போது ராபர்ட் தன் மனைவிக்காக அந்த அர்த்தத்தை எழுதித் தரச் சொல்கிறார். உண்மையைச் சொல்லியாக வேண்டும். வரிக்கு வரி அர்த்தம் எழுதி அனுப்பு. முடிந்தால் நீயே பேசி ஒரு கேசட்டும்.

தபால் வண்டி வந்துவிட்டது. ராபர்ட் முதல் தடவையே கேட்ட கேள்வியை, கல்யாணமான இந்த ஆறு வருஷத்தில் நான் உன்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

உன்
சேனாபதி