நிரம்பியிருந்த பாத்திரங்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் தம்பியும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கித் தெம்பாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். தம்பிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, சிரித்தால் குட்டிக் கிழவன் மாதிரி இருக்கிறான், அக்காகிட்ட சொல்லாதே என்றான், சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு அச்சகத்தில் இந்த வாரமும் இரவு ஷிப்ட். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் மற்றதைப் போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து, அதனால என்னம்மா, விடும்மா என்று என்னைத் தேற்றிவிடுவாய், நானும் தேறிவிடுவேன். அது வேண்டாமென்றுதான் கடிதம்.

என் நகராட்சி வேலை உனக்கு ஓரளவு தெரியும். தண்ணீர்க் கட்டணம் கட்ட முடியாத வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால் பாக்கியை நகராட்சியே ஏற்றுக்கொள்ளும். விண்ணப்பித்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துப் படிவத்தில் எழுதிவருவது நான். ஒரு நாளைக்குப் பதினாலு வீடு. இருபது வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு படித்து வாங்கிய பட்டம் கடைசியில் ஒரு வேலைக்காவது உதவியதே என்று பெருமை வேறு.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, தையல் மெஷின், அதை ஒட்டிக் கட்டில், கட்டிலில் அவள் புருஷன். பெயிண்டராக இருந்து சாரத்திலிருந்து விழுந்தவர், இடுப்புக்குக் கீழே அசைவில்லை. விரிப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. அறை முழுக்கத் தண்ணீர், வாளி, அண்டா, குக்கர், டிபன் பாக்ஸ், டம்ளர்கள்கூட விளிம்புவரை நிரம்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. தண்ணியெல்லாம் நல்லா வருதாம்மா என்று கேட்டேன். இன்னிக்கு வருதுங்க என்றாள். அது என்ன இன்னிக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்று அது பதிமூன்றாவது வீடு, தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டிருந்தது. வீடு சுத்தம், நீர் இருப்பு போதுமான அளவு, சிரமம் தென்படவில்லை என்று மட்டும் எழுதிவிட்டு வந்தேன், கட்டிலில் கிடந்தவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

நான் போன நாளுக்கு மறுநாள் குழாயில் தட்டு போட ஆள் வருவதாக அவளுக்கு முன்பே நோட்டீஸ் போயிருக்கிறது, எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. பாக்கி வைத்தவர்கள் வீட்டுக் குழாயில் நகராட்சி ஆட்கள் சின்ன ஓட்டை போட்ட ஒரு தட்டைச் செருகிவிடுவார்கள், அப்புறம் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். நோட்டீஸ் அனுப்புகிற பிரிவு கீழ்த்தளம், எங்கள் பிரிவு மாடி, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கடைசி நாள் என்பதால் வீட்டில் குழிவாக இருந்த அத்தனையிலும் பிடித்து வைத்திருக்கிறாள், அம்மாடி. அதைத்தான் நான் போதுமான அளவு என்று எழுதியிருக்கிறேன்.

போன வாரம் அவள் எங்கள் ஆபீஸ் கவுன்டருக்கு வந்து கிளார்க்கிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நீங்கதானேம்மா வந்தீங்க, இவரு நம்ப மாட்டேங்கறாரு, நீங்களே சொல்லுங்க, எங்க வீட்ல படுத்த படுக்கையா ஆளு இருக்காருன்னு என்றாள். விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்ததே என் எழுத்தை வைத்துத்தான் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு வாளி நிறைய ஒன்றேகால் மணி நேரமாம். விரிப்பைத் தினம் துவைத்தவளால் வாரத்துக்கு ஒருமுறை முடிவதே பெரிய பாடாம். அவருக்கு முதுகில் புண் வந்து, சீழ் பிடித்து, இப்போது ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடக்கிறார். நானும் போய்ப் பார்த்தேன். அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. நர்ஸ் என்னை உறவுக்காரி என்று நினைத்துக்கொண்டு, இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க என்று சத்தம் போட்டாள்.

எங்கள் மேலதிகாரிக்கு ஆபீசில் சீல் சார் என்று பேர், எதைக் கொடுத்தாலும் படிக்காமல் குத்துவார். நான் எழுதியது தப்பு, திருத்தி எழுதித் தருகிறேன் என்று சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். ஏம்மா, வேலியில போற ஓணானைப் புடிச்சு மடியில விட்டுக்கறே, ஒண்ணு தப்புன்னா நீ போன எல்லாத்தையும் தோண்டுவாங்க, மாசக் கடைசியில உன் ஒப்பந்தம் முடியுது, ஞாபகம் இருக்கட்டும் என்றார். கெட்ட மனுஷன் இல்லை, எனக்காகத்தான் சொன்னார். அந்தச் சம்பளம்தான் உன் விடுதிக் கட்டணம் என்பது அவருக்கும் தெரியும். அப்பாவிடம் சொன்னேன். கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டே, குடுத்துடு, ஆனா முதல்ல பொண்ணுகிட்ட சொல்லு, போறது அவ காசு என்றார்.

உன்னிடம் சொல்லாமலே இன்று மத்தியானம் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்டால் நீ சரி என்றுதான் சொல்வாய், அதற்குப் பிறகு உன் தலையிலும் பாதி விழும், அதனால்தான். தட்டை எடுக்க நாலு நாள் ஆகுமாம். அதற்குள் அவர் பிழைப்பாரா என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார். ஒப்பந்தம் நீடிக்காது என்று சீல் சார் கண்ணைப் பார்க்காமல் சொல்லிவிட்டார்.

இன்னும் ஒன்று. சிரமம் தென்படவில்லை என்று நான் எழுதிய வீடுகள் மொத்தம் பதினொன்று. மற்ற பத்து வீட்டிலும் நான் என்ன பார்த்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மாசக் கடைசி வரைக்கும் கழுத்தில் அடையாள அட்டை இருக்கிறது, நாளைக்குக் காலையில் அந்தப் பத்தில் முதல் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன்.

நீ நல்லா இருக்க வேண்டும், தங்கம், உன் படிப்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது. கட்டணத் தேதிக்கு முன்னாலேயே வார்டனைப் பார்த்து, இந்தத் தடவை தாமதமாகும் என்று சொல்லிவிடு, மறந்துவிடாதே. காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று சாப்பாட்டில் கைவைக்காதே. என் மேல் கோபம் வந்தால் அதையும் எழுது.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா