மழிக்காத தலை

வியாழன், மாசி.

இன்று பட்டாபிராம் சுடுகாட்டில் அம்மாவுக்கு அண்ணன்தான் மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தான். கடைசிப் பிள்ளை நான் வைத்திருக்க வேண்டும்.

எனக்கு வெளிநாட்டில் ஆறு மாத ஆப்பிள் பறிக்கும் வேலை. நாளை விசா ஆபீசில் கைரேகையும் போட்டோவும் எடுக்கிறார்கள். தள்ளிப்போட்டால் சீசன் போய்விடும். காலையிலேயே ஏஜென்ட் போனில் சொல்லிவிட்டார்: “மொட்டை கிட்டை அடிச்சிக்கினு வந்துராத. பாஸ்போர்ட் படத்தோட மூஞ்சி ஒத்துப் போவலன்னா தொரத்திருவான்.”

தாய்மாமன் எல்லார் முன்னாலும் கேட்டார்: “இன்னாடா, பெத்தவள உட உனக்கு மயிருதான் பெருசா?”



வீட்டுக்கு வந்து, போன வாரம் நிரப்பிய விசா விண்ணப்பத்தைச் சரிபார்த்தேன். வேலை முடிந்ததும் ஊர் திரும்புவாய் என்பதற்கு என்ன காரணம் என்று கேட்டிருந்தார்கள். ‘அம்மா இருக்கிறார்’ என்று எழுதியிருக்கிறேன்.